குரங்கம்மை: மறைப்பதால் வரும் கேடு

மட்டாஞ்சேரியில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. அங்கிருந்து வந்த கொல்லத்துக்காரர் ஒருவருக்குக் குரங்கம்மை என்று 2022 ஜூலை 14-ஆம் தேதி உறுதியானது. இந்தியாவில் அவர்தான் முதல் நோயாளி. "குரங்கைத் தொட்டாத்தானே வரும், நமக்கென்ன?" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

பாவம் குரங்கு! 1958-இல் கோபன்ஹேகன் ஆய்வுக்கூடக் குரங்குகளிடம் முதலில் கண்டதால் வந்த பெயர் இது. மனிதரிடம் கண்டது 1970-இல், காங்கோவில், ஒரு கைக்குழந்தைக்கு. கிருமியைச் சுமப்பவை ஆப்பிரிக்க எலி, அணில் இனங்கள் என்றே கருதுகிறார்கள். 2022-இல் பிரேசிலில் குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்ற செய்தி, சமணனான எனக்கு நெஞ்சில் தைத்தது. அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் 'எம்பாக்ஸ்' என்று பெயர் மாற்றியது.

இன்று இது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே மனிதருக்கு வருகிறது. தோலோடு தோல் உரசும் நெருக்கம், உடலுறவு, நோயாளியின் படுக்கை, துணிமணி இவைதான் வழி. 3 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல், உடம்புவலி, பிறகு கொப்புளம். உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரலாம். கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். சின்னம்மையில் இது அவ்வளவாக இராது. ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு கட்டக்கூடாது. கொப்புளத்து நீரையோ பொருக்கையோ எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்தால்தான் நிச்சயம்.

பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரத்தில் ஆறிவிடும். வலிக்கு மருந்து, நீராகாரம், புண்ணில் சீழ் பிடிக்காத கவனம், இவ்வளவுதான் வைத்தியம். பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை தனி அறை, தனித் துணி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். என் வயதுக்காரர் கையிலுள்ள அம்மை குத்தின தழும்பு இதற்கும் ஓரளவு காப்பு. பெரியம்மை ஒழிந்ததும் அந்த ஊசியை நிறுத்திவிட்டதால் நம் பிள்ளைகளுக்கு அது இல்லை.

கொல்லத்துக்காரர் குணமாகி ஜூலை 30 அன்று வீடு திரும்பினார். அதே நாளில் திருச்சூரில் 22 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். நோய் உண்டென்று அமீரகத்திலேயே சோதனையில் தெரிந்திருந்தது. 22-ஆம் தேதி ஊர் வந்தவர், 27-ஆம் தேதிதான் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சோதனை முடிவு அதிகாரிகள் கைக்கு வந்ததோ இறந்த அன்று! முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல வரவில்லை. கூடப் பந்து விளையாடிய பையன்களாவது ஜாக்கிரதையாக இருந்திருக்கலாமே.

அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி ஊரறியச் சொன்னவர்கள் நாம். இதில் உடலுறவு பற்றிய பேச்சு கலந்ததும் வாய் அடைத்துவிட்டது.

2024 செப்டம்பரில் அமீரகத்திலிருந்து மலப்புறம் வந்தவருக்கு, இந்தியாவில் அதுவரை காணாத 1பி வகை கண்டது. அவர் அறிகுறி தெரிந்ததுமே வீட்டாரை விட்டு விலகியிருந்து, தாமே ஆஸ்பத்திரிக்குப் போனார்.