மலையேறும் பைக்குப் பால்கோவா போதாது

ஆடி அமாவாசை வந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கூட்டம் வத்திராயிருப்பைத் தாண்டித் தாணிப்பாறையில் போய் இறங்கும். அங்கிருந்து சதுரகிரி சுந்தரமகாலிங்கத்தைப் பார்க்கக் கால்நடைதான். வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடி கருப்பசாமி என்று மணிக்கணக்கில் ஏற்றம்.

'சுகர்காரங்களுக்கு நடை நல்லதுதானே, கிளம்பு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நாற்பது வயதுக்கு மேல் பலருக்கும் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு அது பெரும்பாலும் சரி. பிள்ளைப் பருவத்திலேயே தாக்கக்கூடிய முதல் வகையின் கதை வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால், ஊசியில் போனால்தான் இன்சுலின்.

மற்றவர்கள் நடக்கத் தொடங்கியதும் கணையம் தானாகச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். காலையில் போட்ட ஊசியை அப்படிக் குறைக்க முடியாது. இன்னொரு பக்கம், உழைக்கும் கால் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் சுகர் மளமளவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல், கடைசியில் மயக்கம். மலையேறும்போது யாருக்குத்தான் வியர்க்காது? அதனால் களைப்பு என்றே நினைத்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் உட்கார்ந்து, விரலில் குத்திப் பார்த்துவிட வேண்டும்.

70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. இங்கேதான் உள்ளூர்ப் பாசம் குறுக்கே வருகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பையில் இருக்க, வேறு இனிப்பு எதற்கு என்று தோன்றும். ஆனால் பாலின் கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த நேரத்தில் குளுக்கோஸ் பவுடரோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரோதான் உதவும். பால்கோவாவை இறங்கி வந்து அளவு பார்த்துச் சாப்பிடலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

கிளம்பும்போது சுகர் 126க்கும் 180க்கும் நடுவில் இருப்பது நல்லது. 90க்குக் கீழே என்றால் முதலில் சாப்பாடு. 250க்கு மேல் போய்க் கீட்டோனும் தெரிந்தால் அன்று ஏறவே கூடாது. ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு நடந்தால் மருந்து வேகமாக ஏறும். வயிற்றில் போடுவதே மேல். விரதம் என்று ஊசியை அடியோடு நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைக்கலாம், அதையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

இறங்கி வந்ததும் கதை முடிவதில்லை. காலியான சேமிப்பைத் தசைகள் நிரப்பிக்கொள்வதால் அன்றிரவு தூக்கத்திலும் சுகர் இறங்கலாம். படுக்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். வெறுங்காலோடு ஏறியவர் பாதத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்; கொப்புளம் சின்னதென்று விடக் கூடாது. இன்சுலின் வெயிலில் கெடும். ஈரத்துணி சுற்றிய சின்னப் பெட்டி போதும், ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் அதுவும் வீண்.

இவ்வளவு தொல்லைக்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்பது தவறான முடிவு. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் சீக்கிரமே இறந்துபோனார்கள். 2006இல் ஆஸ்திரியாவின் கெரி விங்க்லர், இதே ஊசியோடு சாக்கடல் கரையிலிருந்து சைக்கிளில் கிளம்பி எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்.

அடுத்த அமாவாசைக்கு ஏற நினைப்பவர்கள், ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து எத்தனை யூனிட் குறைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது என்பதைக் கூட வருகிறவரிடமும் சொல்லிவையுங்கள்.