வேலிச் சண்டையும் தற்காப்பு உரிமையும்

அளவெட்டியின் செம்பாட்டுத் தோட்டங்களுக்கிடையே வேலியடைக்கும் காலம் வந்ததும், இற்றுப்போன பழைய கதியாலைப் பிடுங்கிப் புதியதை நாட்டப்போனவர் ஒரு சாண் அப்பால் நாட்டிவிட்டார் என்று அயலவர் சத்தம் வைக்க, சத்தம் வாக்குவாதமாகி, வாக்குவாதம் கைகலப்பாகி, அலவாங்கும் மண்வெட்டிப் பிடியும் உயர்ந்து, ஈற்றிலே ஒருவர் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மற்றவர் பொலிஸ் நிலையத்திலுமாக அன்றைய பொழுது சாய்வது புதிய சங்கதியன்று. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊரைப் பற்றி இப்படிச் சொல்வதற்கு ஊரவர் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். குடாநாட்டிலே வேலிச் சண்டைக்கு விலக்கான ஊர் எது?

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கவேண்டும். முதலில் வைத்தியசாலைக்குப் போனவர் முறைப்பாட்டாளராகிறார். போகாதிருந்தவர் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்திலே எதிரியாகிறார். யார் முதலில் கையை ஓங்கினார் என்பதற்கும் யார் எதிரிக் கூண்டில் நிற்கிறார் என்பதற்கும் எப்பொழுதும் சம்பந்தம் இருப்பதில்லை. தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே கையை நீட்டியவருக்குச் சட்டம் என்ன ஆதரவைத் தருகிறது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இந்திய தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1883ஆம் ஆண்டிலே ஆக்கப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவை, அடிதடியை ஒரே குற்றமாகக் கருதவில்லை. அடிப்பதற்குக் கையை ஓங்கி மற்றவரை அஞ்சவைப்பதே ஒரு குற்றம். வெறும் வாய்ச்சொல் அக்குற்றமாகாது. உடலுக்கு நோவு உண்டாக்கினால் அது 314ஆம் பிரிவுக்குள் வரும், ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். கத்தி முதலிய ஆபத்தான ஆயுதம் கலந்தால் தண்டனை ஏறும். எலும்போ பல்லோ முறிந்தால் அது பாரதூரமான காயம். அதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. ஆகவே, "ஒரு பல்லுத்தானே" என்று சிரித்துவிட்டுப் போகிறவர் தம்மீது சுமத்தப்படக்கூடிய குற்றத்தின் பாரத்தை அறியாதவர்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தற்காப்பு உரிமையைப் பிரயோகித்துச் செய்யப்படும் எச்செயலும் குற்றமன்று என்று அச்சட்டக்கோவையின் 89ஆம் பிரிவு சொல்கிறது. தன்னுடலை மாத்திரமன்றிப் பிறருடைய உடலையும், களவு, கொள்ளை, அழிம்பு, அத்துமீறல் என்பவற்றிலிருந்து தன்னுடைமையையும் பிறருடைமையையும் காக்கலாம் என்பது அடுத்த பிரிவு. ஆனால் இவ்வுரிமைக்கு வரம்புகளும் உண்டு. காப்பதற்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேலே ஓர் அடியும் ஆகாது. அதிகாரிகளிடம் போய் முறையிட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே எழாது. அயலவர் அலவாங்கை ஓங்கி வரும்போது மண்வெட்டிப் பிடியால் தட்டிவிட்டது தற்காப்பு. அலவாங்கு கைநழுவி விழுந்து, அவர் திரும்பி ஓடும்போது பின்னால் துரத்திச் சென்று முதுகில் போட்ட இரண்டாவது அடி தற்காப்பன்று. இரவிலே கதியாலைப் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று விடிந்தபின் அவர் முற்றத்துக்குப் போய் அடிப்பதும் அப்படியே. அந்த இரவுக்கும் காலைக்கும் இடையில் பொலிஸுக்குப் போகும் வழி திறந்தே இருந்தது.

இங்கேதான் நம்மவர் பலரும் அறியாத ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. எதிரி தற்காப்பைப் பிரஸ்தாபித்துவிட்டால் அது பொய்யென்று காட்டவேண்டியது வழக்குத் தொடுநரின் பொறுப்பு என்பது இங்கிலாந்தின் நியாயம். இலங்கையின் நியாயம் அதுவன்று. அடித்ததை நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமையே எனினும், தற்காப்பு என்ற விதிவிலக்கை நிரூபிக்கும் பாரத்தைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு எதிரியின் தோளிலேயே ஏற்றுகிறது. ஐயத்தை எழுப்பினால் மாத்திரம் போதாது, நிகழ்ந்திருக்கக்கூடியது அதுவே என்று நீதிமன்றம் கொள்ளும் அளவுக்குக் காட்டவேண்டும் என்று 1942இல், சட்டத்தரணிகள் சந்திரசேகர வழக்கு என்று சுட்டும் வழக்கிலே, குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. எதிரிதான் சாட்சி சொல்லவேண்டும் என்ற நியதி இல்லை. முறைப்பாட்டாளரின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தும் அதனைக் காட்டலாம். எனினும் ஏதோ ஓர் ஆதாரம் இருந்தே ஆகவேண்டும்.

அந்த ஆதாரம் உண்டாவது முதலாவது நாளிலேதான். உங்களுக்கும் அடி விழுந்திருந்தால், "சின்னக் காயம்தானே, மஞ்சள் வைத்தால் மாறிவிடும்" என்று வீட்டில் இராதீர்கள். வைத்தியசாலைக்குப் போய், எப்படி நேர்ந்ததென்பதைச் சொல்லிக் காயத்தைப் பதிவுசெய்யுங்கள். நீங்களும் ஒரு முறைப்பாடு கொடுங்கள். பொலிஸில் அளிக்கும் வாக்குமூலம் உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டால், அதை விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்பதும், அதில் திருத்தவும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் சட்டம். அது நடவாதவரை கையொப்பம் வையாதீர்கள். பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் உங்களுக்கெதிராக நிரூபிக்கப்பட முடியாது. ஆனால், "அவர்தான் முதலில் அலவாங்கை ஓங்கினார்" என்பதை அன்று சொல்லாமல் விட்டு ஈராண்டு கழித்துக் கூண்டில் நின்று சொன்னால், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வந்தே தீரும். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மற்றைய எதிர்வாதங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். கவனத்தோடு செய்த நியாயமான வேலையில் தற்செயலாக நேர்ந்த காயம் குற்றமன்று. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதுக்குட்பட்ட பிள்ளை எதைச் செய்தாலும் குற்றமாகாது. கடுமையான திடீர்க் கோபமூட்டல் தண்டனையைக் குறைக்குமேயன்றி விடுதலை தராது. தானே விரும்பிக் குடித்த கள்ளின் வெறியோ எதிர்வாதமே அன்று. நிதானத்தில் இருந்தவனுக்குள்ள அறிவு குடித்தவனுக்கும் இருந்ததாகவே சட்டம் கொள்ளும்.

சாதாரண காயம் சம்பந்தமான பிணக்குகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போவதுண்டு. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. இரு பகுதியாரும் இணங்கினால் பகையும் தீரும், செலவும் மிச்சமாகும். வேலிச் சண்டையின் மூலகாரணமான காணிக்கோ வேறொரு பரிகாரம் உண்டு. சமாதானக் குலைவு ஏற்படும் நிலைமை இருந்தால், 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வழக்கிடலாம். பலவந்தமாகக் காணியிலிருந்து அகற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் வந்தால் உடைமையை மீளப் பெறலாம். அலவாங்கைத் தேடுவதற்கு முன்பு இந்தப் பிரிவைத் தேடியிருந்தால் எத்தனையோ பல்லுகள் தப்பியிருக்கும்.

கடைசியாக ஒன்று. நீதிமன்றத்தில், "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கும்போது, நாலு தவணை அலைவதை விடக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்று புத்தி சொல்பவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பர். அந்தத் தீர்ப்பு, நாளைக்குக் கனடாவுக்கோ பிரான்சுக்கோ விண்ணப்பிக்கும்போது பொலிஸ் நற்சான்றிதழில் எழுந்து நிற்கும். அற்பமான குற்றமாயின் குற்றத்தீர்ப்பளிக்காமலே நிபந்தனையோடு விடுவிக்கும் அதிகாரமும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவிலே நீதவானுக்கு உண்டு. ஆனால் அதைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். சட்டத்தரணி மூலம் எதிர்வாதம் செய்வது உங்கள் உரிமை. பணமில்லாதவர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். "குற்றவாளி" என்ற சொல்லை வாயால் சொல்வதற்கு முன்பாக ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள்.