படிப்பவரைக் கேட்டார்களா?

1980-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், அமெரிக்காவில் காலிபோர்னியாவைச் சேர்ந்த பிரெஸ்னோ நகருக்கருகே லோன் ஸ்டார் என்னும் சிறு பள்ளிக்கூடத்திலிருந்து, பிரபல சினிமா டைரக்டர் பிரான்ஸிஸ் போர்டு கொப்போலாவுக்கு ஒரு கடிதம் போயிற்று. எழுதியவர் அப்பள்ளியின் நூலகத்தைக் கவனித்து வந்த மாது. அதனுடன் மாணவர்கள் கையொப்பமிட்ட தாள்களும் இணைக்கப்பட்டிருந்தன. தாங்கள் படித்து மனத்தைப் பறிகொடுத்த 'தி அவுட்ஸைடர்ஸ்' என்ற நாவலைச் சினிமாவாக எடுக்க வேண்டும், எடுப்பதற்குத் தகுந்தவர் அவரே என்பது அப்பிள்ளைகளின் மனு.

இத்தகைய மனுக்களின் கதி என்னவென்பது நாம் அறிந்ததே. பெரிய மனிதர்களுக்கு வரும் காகிதங்களில் பாதி குப்பைக் கூடைக்கே போகும். இதுவோ கொப்போலாவின் சகாவான பட முதலாளி ஒருவர் கைக்கு வந்தது. பத்துப் பக்கம் பார்ப்போம் என்று புத்தகத்தைத் திறந்தவர் முழுவதையும் படித்து முடித்தார். 1983-ல் படம் வெளிவந்தது. அப்பள்ளிக்கே சமர்ப்பணமும் செய்யப்பட்டது. கதை அதோடு நிற்கவில்லை. புத்தகத்தில் இருந்த காட்சிகள் படத்தில் ஏன் இல்லை என்று பிள்ளைகள் விடாமல் கேட்டு வந்தார்கள். 2005-ல் விட்ட பகுதிகளைச் சேர்த்து நீண்ட படமாக அதை மறுபடி வெளியிட்டார் கொப்போலா. புத்தகத்தைப் பற்றி வாய் திறந்து பேசும் உரிமை விமர்சகருக்கு மட்டுமே பட்டயம் எழுதிக் கொடுக்கப்பட்டதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

அந்நாவலை எழுதியவரும் ஒரு பள்ளி மாணவியே. ஓக்லஹோமாவிலுள்ள டல்ஸா நகரத்து எஸ். இ. ஹிண்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். 1967-ல் புத்தகம் அச்சாகி வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. தம் வயதினருக்கென்று கடையில் கிடைத்த கதைகளில் தமக்குத் தெரிந்த வாழ்க்கை சிறிதும் இல்லையென்ற குறையே அவரை எழுதத் தூண்டியது. பெண் எழுதியதென்று தெரிந்தால் விமர்சகர்கள் ஏளனம் செய்வார்களென அஞ்சிய பிரசுரகர்த்தர்கள் பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் அட்டையில் போட்டார்கள். விமர்சகருக்குப் பயந்து பெயரை மறைத்தார்கள்; புத்தகத்தை வாழவைத்ததோ பள்ளிப் பிள்ளைகள்!

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்காக எழுதப்படுபவற்றை அங்கே 'யங் அடல்ட்' நூல்கள் என்கிறார்கள். பெயர் நமக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. குழந்தையுமல்ல, பெரியவனுமல்ல என்று வாசற்படியில் நிறுத்திவைத்தாற்போல் இருக்கிறது. எனினும் இவ்வகை நூல்களுக்கும் அவற்றின் வாசகருக்கும் இடையே உண்டான நெருக்கம் வேறு இலக்கியத்தில் அபூர்வம். ராபர்ட் கார்மியர் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டு உழைத்தவர். 1977-ல் வெளிவந்த 'ஐ ஆம் தி சீஸ்' என்னும் நாவலில் கதாபாத்திரமான ஒரு சிறுமியின் டெலிபோன் எண்ணாகத் தம் வீட்டு எண்ணையே அச்சிட்டுவிட்டார். வாசகப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கூப்பிட்டுக் கொண்டே இருந்தார்கள். அவரும் சலிக்காமல் பேசினார். ஜூடி ப்ளூம் என்ற ஆசிரியைக்கோ கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. தாயிடமும் தந்தையிடமும் சொல்லக் கூசியதை அவருக்கு எழுதினார்கள். அவற்றிலிருந்து தொகுத்து 1986-ல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். பெற்றோர்கள் படிக்க வேண்டிய நூல் அது.

இளம் வாசகர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நாம் வாதிக்கவில்லை. ஒரு புத்தகம் பிடித்திருக்கிறது என்பதாலேயே அது நல்ல புத்தகமாகிவிடாது. 1971-ல் பெயரில்லாத ஒரு பெண்ணின் உண்மை நாட்குறிப்பு என்று விளம்பரமாகி, லட்சக்கணக்கில் விற்ற 'கோ ஆஸ்க் ஆலிஸ்' கட்டிவிட்ட கதை என்பதை இன்று விவரமறிந்தோர் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். அதைப் படித்துக் கண்ணீர் விட்ட பிள்ளைகளை நாம் குறை கூற மாட்டோம், ஏமாற்றியவர்கள் பெரியவர்கள். நமது கேள்வி வேறு. புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அவரைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எந்த நியாயம்?

சட்டத் தொழிலை அறிந்த நமக்கு இவ்விஷயத்தில் ஒரு வழக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. நியூயார்க் மாகாணத்து லாங் ஐலண்டில் ஐலண்ட் ட்ரீஸ் என்னும் பள்ளி ஜில்லா இருக்கிறது. அதன் நிர்வாக சபையைச் சேர்ந்த சில கனவான்கள் 1975-ல் ஒரு மகாநாட்டுக்குப் போனார்கள். ஆக்ஷேபகரமான புத்தகங்களின் ஜாபிதா ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதில் கண்ட நூல்களுள் பதினொன்று தங்கள் பள்ளிகளில் இருப்பதைக் கண்டுபிடித்து, 1976-ல் எடுத்துவிட உத்தரவிட்டார்கள். ஹெராயின் மருந்துக்கு அடிமையான ஹார்லம் சிறுவனைப் பற்றி ஆலிஸ் சில்ட்ரஸ் 1973-ல் எழுதிய நாவலும், மேலே சொன்ன ஆலிஸ் நாட்குறிப்பும், நீக்ரோ எழுத்தாளர்களின் சிறுகதைத் தொகுப்பும் அவற்றில் சேர்ந்தவை. ஊரில் கூச்சல் எழவே, பெற்றோர் நால்வரும் பள்ளி ஊழியர் நால்வருமாகச் சபையாரே ஒரு கமிட்டி நியமித்தார்கள். ஐந்து நூல்களை வைத்துக்கொள்ளலாம் என்றது கமிட்டி. சபையார் அதைத் தள்ளிவிட்டு ஒன்பது நூல்களை அடியோடு நீக்கினார்கள். தாமே நியமித்த கமிட்டியின் சிபார்சைத் தாமே குப்பையில் போடும் வித்தை எல்லாத் தேசங்களுக்கும் பொது போலும்! அந்தக் கமிட்டியிலும் படிக்கும் பிள்ளைகளில் ஒருவரேனும் இல்லையென்பதைக் கவனிக்க வேண்டும்.

கேளாத பிள்ளைகள் நியாயஸ்தலத்தில் பேசினார்கள். பதினேழு வயது ஸ்டீவன் பிகோவும் வேறு நான்கு மாணவர்களும் 1977-ல் வழக்குத் தொடுத்தார்கள். அது ஸுப்ரீம் கோர்ட்டு வரை ஏறியது. 1982-ம் வருஷம் ஜூன் மாதம் நியாயாதிபதிகள் ஐவர் மாணவர் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பளித்தார்கள். ஒரு நூலிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பள்ளி நூலகத்திலிருந்து அப்புறப்படுத்தலாகாது. எழுதுபவனுக்குச் சொல்ல உரிமை உண்டென்றால் படிப்பவனுக்கு அதைப் பெற உரிமை உண்டு என்றார் நியாயாதிபதி பிரென்னன். ஆபாசம் மலிந்தது, படிப்புக்கு உதவாதது என்பவற்றை நீக்கும் அதிகாரத்தை அவரும் மறுக்கவில்லை. இத்தீர்ப்பை மிகைப்படுத்தவும் கூடாது. ஐவரில் ஒருவரான ஒயிட் என்பவர், விசாரணை நடக்கட்டும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்ல இணங்கவில்லை. ஆகவே பிரென்னனின் நியாயத்துக்குப் பெரும்பான்மை பலம் கிட்டவில்லை. அந்தப் பலவீனத்தின் பலனை இன்று அமெரிக்கப் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். எனினும் விசாரணையை எதிர்கொள்ளச் சபையாருக்குத் துணிவு பிறக்கவில்லை. அவ்வருஷமே ஆகஸ்டு மாதத்தில் புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பின. பிகோ அப்பள்ளியை விட்டு வெளியேறி வெகு காலமாகியிருந்தது.

பின் வந்தவர்களுக்கு அது பாடமாகவில்லை. கார்மியரின் 'தி சாக்லெட் வார்' 1974-ல் வந்தது. பள்ளிக்கு நிதி சேர்க்கச் சாக்லெட் விற்க மாட்டேன் என்று மறுக்கும் ஒரு மாணவன், தன்னந்தனியே நின்று அடிபட்டுத் தோற்கும் கதை அது. முடிவை மாற்றினால் அச்சிடுகிறோம் என்றார்கள் பிரசுரகர்த்தர்கள், அவர் மாற்றவில்லை. தோல்வியில் முடிவதால் பிள்ளைகள் மனம் உடைந்துவிடும் என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள். 2004-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மிக அதிகமாக ஆக்ஷேபிக்கப்பட்ட நூல் அதுதான் என்று அந்நாட்டு நூலகச் சங்கம் கணக்கிட்டது. 'தி அவுட்ஸைடர்ஸ்' கூட ஆக்ஷேபத்திலிருந்து தப்பவில்லை. 2023-24 பள்ளி ஆண்டில் மட்டும் பள்ளிகளில் நூல்களைத் தடுத்த சம்பவங்கள் 10,000-க்கு மேல் என்று 'பென் அமெரிக்கா' என்ற எழுத்தாளர் சங்கம் எண்ணிச் சொல்லிற்று. இவற்றில் எத்தனைக்கு முன்னால் மாணவர்களை அழைத்து, 'படித்தீர்களா, என்ன தோன்றிற்று?' என்று விசாரித்திருப்பார்கள்? நூலை நீக்கக் கோருபவர் அதை முழுவதும் படித்ததாகக் கையொப்பமிட வேண்டும். வாக்கெடுக்குமுன் படித்த பிள்ளைகளின் அபிப்பிராயத்தைச் சபையில் வாசிக்க வேண்டும். இவ்விரண்டும் பெரிய சீர்திருத்தங்களல்ல. இவற்றுக்குக்கூடத் தயங்குகிறவர்கள் புத்தகத்துக்கு அஞ்சவில்லை, பிள்ளைகளின் பதிலுக்கே அஞ்சுகிறார்கள் என்று நாம் சந்தேகிக்கிறோம்.

பிள்ளைகளோ அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை. பென்ஸில்வேனியாவில் ஸென்ட்ரல் யார்க் பள்ளி ஜில்லாவில், நிற வேற்றுமையைப் பற்றிய நூல்கள் அடங்கிய ஒரு ஜாபிதாவை நிர்வாகிகள் முடக்கி வைத்தார்கள். 2021-ல் மாணவர்கள் காலைதோறும் பள்ளி வாயிலில் அட்டை பிடித்து நின்றார்கள். செப்டம்பரில் சபையார் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். 2022 ஏப்ரலில் நியூயார்க்கின் புரூக்ளின் பொது நூலகம், தேசத்தில் எங்கிருந்தாலும் சரி, பதின்மூன்று முதல் இருபத்தொரு வயது வரையுள்ள எவரும் தன் மின்னூல்களை இலவசமாகப் படிக்க அட்டை வழங்குவதாக அறிவித்தது. விண்ணப்பித்தவர்கள் ஏன் வேண்டுமென்று தங்கள் சொற்களிலேயே எழுதி அனுப்பினார்கள். ஊர் நூலகத்துக்குப் போக வண்டி வசதி இல்லையென்று சிலர், தேடும் புத்தகம் ஊரிலேயே இல்லையென்று சிலர். நூலகத்தார் அவற்றை வகைப்படுத்தி அறிக்கையாக வெளியிட்டிருக்கிறார்கள்.