தாய் தைத்த பலவருண அங்கி

பள்ளிக்கூடத்தில் எந்த உடையைப் பார்த்துப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்களோ, அதே உடை பிற்காலத்தில் ஓர் இசைத்தட்டின் பெயராயிற்று. அதன் அட்டையில் ஓவியமாகவும் இடம் பெற்றது!

அந்த இசைத்தட்டைப் பாடியவர், அமெரிக்காவின் புகழ்பெற்ற கிராமியப் பாடகி டாலி பார்ட்டன். வெளிவந்தது 1971-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். வெளியிட்டது ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி.

அமெரிக்காவில் "கன்ட்ரி" என்று ஒரு வகை இசை உண்டு. தென் மாநிலங்களின் மலைநாட்டு மக்களும், பண்ணையில் பாடுபடுவோரும் வளர்த்த இசை அது. கிடார், பிடில், பாஞ்சோ ஆகியவையே அதற்குப் பக்கவாத்தியம். வீடு, வறுமை, காதல், குடி, கடவுள் ஆகியவற்றைச் சுற்றியே பாட்டு அமையும். இந்த இசைக்குத் தலைநகரம், டென்னஸி மாநிலத்தில் உள்ள நாஷ்வில் நகரம்.

மாவு மூட்டையே டாக்டர் கூலி

டாலி பிறந்தது 1946-ஆம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி. ஊர், அதே டென்னஸியில் சிவியர் கவுண்டி என்ற மலைப்பகுதி. பன்னிரண்டு குழந்தைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கத் தகப்பனாரிடம் பணம் இல்லை. ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்தார்!

குடியிருந்த மரவீட்டில் மின்சார விளக்கு கிடையாது. தண்ணீர்க் குழாயும் கிடையாது. தகப்பனார் ராபர்ட் லீ, விவசாயி. எழுதப் படிக்கத் தெரியாதவர். தாயார் ஏவி லீ, பழைய பாட்டுகளும் பைபிள் கதைகளும் சொல்வதில் கெட்டிக்காரர்.

ஒரு சமயம் சிறுமி டாலிக்குக் கோட்டு தேவைப்பட்டது. கடையில் வாங்க வழி இல்லை. வீட்டில் கிடந்த கந்தல் துணிகளை வெட்டி, ஒட்டுப் போட்டுத் தாயே தைத்தார். தைக்கும்போது மகளுக்கு ஒரு கதையும் சொன்னார். யாக்கோபு தன் அன்பு மகன் யோசேப்புக்குப் பலவருண அங்கி செய்துகொடுத்த பைபிள் கதை அது.

சிறுமிக்குப் பெருமை தாங்கவில்லை. தானும் ஒரு யோசேப்பு என்ற நினைப்போடு பள்ளிக்குப் போனாள். அங்கே பிள்ளைகள் கண்ணில் பட்டது வெறும் கந்தல்தான். சிரித்தார்கள், ஏளனம் செய்தார்கள். அந்த வடு மாற வெகுகாலம் ஆயிற்று.

சலவை ரசீதில் பிறந்த பாட்டு

1964-ல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த மறுநாளே டாலி நாஷ்வில்லுக்குப் பஸ் ஏறினார். 1967-ல் போர்ட்டர் வாகனர் என்ற பிரபல பாடகரின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது.

1969-ல், வாகனர் குழுவோடு பஸ்சில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பழைய கோட்டு பாட்டாக வந்தது. எழுதுவதற்குக் கையில் காகிதம் இல்லை. வாகனரின் உடைகளை வெளுத்த சலவைக் கடை ரசீது கண்ணில் பட்டது. அதன் பின்பக்கத்தில் எழுதினார். பாட்டு வெற்றி பெற்ற பிறகு அந்த ரசீதுக்கு வாகனர் கண்ணாடிச் சட்டம் போட்டார்.

பாட்டில் சிறுமி தன் வீட்டு வறுமையை மறைக்கவில்லை. அதற்காக வெட்கப்படவும் இல்லை. ஒவ்வொரு தையலிலும் அம்மாவின் அன்பு இருக்கிறது என்று பிள்ளைகளிடம் வாதாடுகிறாள். அவர்களுக்குப் புரிந்ததா? இல்லை! சிரித்தவர்கள் மனம் திருந்தி மன்னிப்புக் கேட்டதாக டாலி கதையை முடிக்கவில்லை. கேட்பவர் நெஞ்சைப் பாட்டு தொடுவதற்கு அதுவே காரணம். உலகம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தன் மதிப்பு தனக்குத் தெரியும் என்கிறாள் அந்தச் சிறுமி.

பத்துப் பாட்டுகள்

இசைத்தட்டில் மொத்தம் பத்துப் பாட்டுகள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஏழு பாட்டுகள் டாலியே எழுதியவை. மூன்று வாகனர் எழுதியவை.

எல்லாம் சோகம் என்று எண்ணிவிட வேண்டாம். ஊர் சுற்றும் வியாபாரியைத் தாய்க்குத் தெரியாமல் காதலிக்கிறாள் ஒரு பெண். கடைசியில் அவனோடு ஓடிப்போவது தாய்! அப்படி ஒரு வேடிக்கைப் பாட்டும் உண்டு. காலை இளங்காற்றைப் பற்றி ஒரு பாட்டு. பிரிந்த காதலனை நினைத்துக் கண்ணீர் விடும் பாட்டு ஒன்று.

தலைப்புப் பாட்டு கன்ட்ரி பாடல்களின் வரிசையில் 4-வது இடம் பிடித்தது. 2011-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டுக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

தகப்பனாருக்கு ஒரு காணிக்கை

தாயின் அன்பைப் பாட்டாக்கிய டாலி, தகப்பனாரையும் மறக்கவில்லை. அவருக்கு எழுத்து தெரியாத குறையை நினைத்து, 1995-ல் சொந்த ஊரில் ஒரு திட்டம் தொடங்கினார். பள்ளியில் சேரும் வயது வரும் வரை குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் தபாலில் இலவசமாக வரும். அந்தத் திட்டம் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று வெளிநாடுகளுக்கும் பரவியது.

2018 பிப்ரவரியில் 10 கோடியாவது புத்தகத்தை டாலி அதே நாடாளுமன்ற நூலகத்துக்கு வழங்கினார். அது எந்தப் புத்தகம் தெரியுமா?

தாய் தைத்துக் கொடுத்த அந்தக் கோட்டின் கதைதான்!