வெயிலுக்கா பஞ்சம்? – தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு கால்சியம்

"நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? தினம் அரை மணி நேரம் வாசல்ல உட்காருங்க மதினி, மாத்திரையே வேண்டாம்." இப்படி ஒரு சொந்தக்காரர் சொல்ல, திருச்சுழி பக்கம் இருக்கிற எங்க அத்தை கால்சிட்ரியால் மாத்திரையை நிறுத்திட்டாங்க. ஒரு வாரத்தில் உதட்டைச் சுற்றி மரத்துப்போய், கைவிரல்கள் இழுத்துக்கொண்டன. அருப்புக்கோட்டையில் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றிய பிறகுதான் சரியானது. நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் ஆள். ஆனால் வெயிலில் எங்கே தப்பு என்பது மண்டையைக் குடைந்தது.

தைராய்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் 4 பாராதைராய்டு சுரப்பிகள், அரிசி மணி அளவில் இருக்கின்றன. (முதலில் இதைக் கவனித்தவர் ரிச்சர்ட் ஓவன், லண்டன் மிருகக்காட்சி சாலையில் செத்துப்போன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தில்! மனிதரிடம் கண்டுபிடித்தது 1880இல் ஸ்வீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்.) தைராய்டை முழுசாக எடுக்கும்போது இவற்றின் ரத்த ஓட்டம் கெடலாம். பலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் திரும்பிவிடும். அத்தைக்குத் திரும்பவில்லை.

வெயிலில் தோல் உண்டாக்கும் வைட்டமின் டி அப்படியே வேலைக்கு ஆகாது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் நடக்கணும். இந்த இரண்டாவதை முடுக்கிவிடுவது பாராதைராய்டு ஹார்மோன். அது இல்லாதபோது நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் கடைசிப் படி சரியாக நடக்காது. அந்தப் படி முடிந்த சரக்குதான் கால்சிட்ரியால்.

சரி, கூடுதலாகப் போட்டுக்கொண்டால்? அதுவும் ஆபத்து. சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் பிடித்து வைப்பதும் அதே ஹார்மோன்தான். அது இல்லாமல் கால்சியத்தை ஏற்றினால் சிறுநீரில் கொட்டும், கல் சேரும். வேர்வையிலேயே தண்ணீர் போய்விடும் நம்ம கரிசல் காட்டில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் டாக்டர்கள் ரத்தக் கால்சியத்தை நார்மலின் கீழ் ஓரத்திலேயே வைக்கப் பார்க்கிறார்கள். விரல் இழுக்குதுன்னு தானாகவே அளவைக் கூட்டி வாரக்கணக்கில் விழுங்குவது தப்பு. ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மாற்றணும்.

இன்னொரு சிக்கல், தைராக்சின். கால்சியம் குடலில் அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேணும். கேழ்வரகுக் கூழிலும் கால்சியம் உண்டு, விடிந்ததும் மாத்திரையோடு அதைக் குடிக்கக் கூடாது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். ஆகவே அளவை மாற்றினால் 6 வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பார்க்கணும், பத்து நாளில் பார்த்துப் பதறுவதில் அர்த்தமில்லை.

இப்போ அத்தைக்கு 5 மணிக்குத் தைராக்சின், 6 மணிக்கு டீ, 10 மணிக்குச் சாப்பாட்டோடு கால்சியம். போனில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். "மணி அடிச்சிருச்சு மருமகனே, இது எந்த மாத்திரைக்கு?"ன்னு இன்னமும் போன் வருது.