மரத்தரை போடுமுன் ஈரம் பாருங்கள்!

மஞ்சள் மூட்டையைப் பிரித்ததும் ஒரு விரலியை ஒடித்துப் பார்த்து ஈரம் அறிபவர்கள் நாம். கொப்பரையில் ஈரம் நின்றால் எடை குறையும், பூசணம் பிடிக்கும் என்பது நம் அனுபவப் பாடம். ஆனால், பல வருடச் சேமிப்பைப் போட்டுப் புது வீடு கட்டி, மாடி அறைக்கு மரத்தரை போடும்போது மட்டும் அந்தச் சோதனையை மறந்துவிடுகிறோம். மரத்தரைக்கும் ஈரமே முதல் எதிரி.

எந்த மரம்?

நம் பகுதிக்கு நம்பகமானது தேக்கு. அதிலுள்ள இயற்கை எண்ணெய் கரையானைத் தடுக்கும்; ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனைமலைத் தேக்கின் பெருமை பழையது. வெள்ளையர் காலத்தில் வெட்டிய மரங்களை மலைச்சரிவில் சறுக்கிவிட்ட இடம்தான் பொள்ளாச்சிக்கு மேலே உள்ள டாப்சிலிப். ஆனால், தேக்கின் பலம் முழுவதும் வைரத்தில்தான். ஓரத்திலுள்ள வெளிர் பகுதியான வெள்ளையைச் செல் எளிதில் அரித்துவிடும். பலகையை இருபுறமும் திருப்பிப் பார்த்து, வெள்ளை கலந்ததை ஒதுக்குங்கள்.

'பர்மா தேக்கு' என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை தர வேண்டாம். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது ஆப்பிரிக்க, தென் அமெரிக்கத் தோட்டத் தேக்கும் நிறைய வருகிறது. இளம் மரமானால் வெள்ளை அதிகம் இருக்கும். எந்த நாட்டு மரம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

அளவுக் கணக்கு

மரம் கன அடியில் விற்கப்படுகிறது. 100 சதுர அடித் தரைக்கு முக்கால் அங்குலப் பலகை போட, நிகர அளவு 6.25 கன அடி. ஒரு அங்குலமாக அறுத்து இழைப்பதானால் வாங்க வேண்டியது 8.33 கன அடி. வெட்டுக் கழிவு தனி. இதைச் சேர்க்காமல் விலை பேசினால் வேலை பாதியில் நிற்கும்.

ஈரச் சோதனை

பலகையில் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மரக்கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். காயாத மரம் நம் கோடையில் சுருங்கிச் சந்து விடும்.

தளத்தையும் சோதிக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைக் கான்கிரீட் மேல் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த தடமோ தெரிந்தால் தளம் இன்னும் காயவில்லை. சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மரம் விரிந்தாலும் தரை மேலெழும்பாது.

மலிவான லேமினேட் பலகையில் மேலே இருப்பது மர அச்சு. உள்ளே அழுத்திய நார்ப்பலகை. நீர் இறங்கினால் உப்பிவிடும். இழைத்துப் புதுப்பிக்கவும் முடியாது. கெட்டித் தேக்கைப் பலமுறை இழைத்து மெருகேற்றலாம். சமையலறைக்கும் குளியலறைக்கும் கல் அல்லது டைல்ஸே போதும்.

கிரகப்பிரவேச நாள் குறித்தாயிற்று என்று ஈரத் தளத்தில் அவசரமாகப் பலகை பதிப்பதுதான் பெரும் நஷ்டம். அந்த ஒரு அறையை மட்டும் நிறுத்திவைத்துக் குடிபுகுங்கள். தளம் காய்ந்த பின் போட்டால், அந்தத் தரை பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும்.