கரிசலாங்கண்ணிக்குள் என்ன சரக்கு இருக்கு? மெரினா எதிரே விடை கண்ட பேராசிரியர்!

சென்னை கடற்கரைச் சாலையில் பஸ்சில் போகிறவர்கள் மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டிடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

தலைக்கு எண்ணெய் தேய்க்கிறவர்களுக்குக் கரிசலாங்கண்ணியைத் தெரியாமல் இருக்காது.

"இரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்கிறீர்களா?

சம்பந்தம் இருக்கிறது. அவர் பெயர் டாக்டர் டி.ஆர்.கோவிந்தாச்சாரி. 1915ல் பிறந்தவர். பெயரின் முதல் எழுத்து தூத்துக்குடியைச் சொல்லும்.

மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பி.பி.டேயிடம் ரசாயன ஆராய்ச்சி பழகினார். பிறகு அமெரிக்கா போனார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸ் என்ற பெரிய நிபுணரிடம் வேலை பார்த்தார்.

அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்தார். பழைய கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார்.

பச்சிலையில் ரகசியம்

"கரிசலாங்கண்ணி ஈரலுக்கு நல்லது" என்று பாட்டி சொல்வாள். "எதனால் நல்லது?" என்று கேட்டால் பாட்டிக்குப் பதில் தெரியாது.

அந்தப் பதிலைத்தான் கோவிந்தாச்சாரி தேடினார்.

1956ல் அவரும், உடன் உழைத்த நாகராஜன், பாய் ஆகியோரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியில் இருக்கும் ஒரு பொருளின் உள் அமைப்பைக் கண்டு சொன்னார்கள். அதன் பெயர் வெடலோலாக்டோன். வெள்ளைப் பூ பூக்கிற கரிசலாங்கண்ணியிலும் அதே பொருள் இருப்பதைக் காட்டினார்கள்.

இதனால் கடைக்காரருக்கு என்ன லாபம்? இருக்கிறது. ஒரு மூட்டையில் வந்தது நல்ல கரிசலாங்கண்ணிச் சரக்கா, கலப்படமா என்று சோதனைச் சாலையில் பார்க்கிறார்கள் அல்லவா? அங்கே அளந்து பார்க்கும் பொருள் இந்த வெடலோலாக்டோன்தான்!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இன்று இயந்திரத்தில் வைத்தால் படம் போட்டுக் காட்டிவிடும். அன்று அந்த வசதி கிடையாது.

இலையைக் காய வைத்துப் பொடியாக்கி, சாராயத்தில் ஊற வைத்துச் சாரம் எடுக்க வேண்டும். சாரத்தில் இருந்து பளிங்கு மாதிரி தூள் கிடைக்க வேண்டும். அதைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டும் என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு, "முழுசாக இப்படித்தான் இருந்திருக்கும்" என்று கணக்குப் போட வேண்டும்.

கணக்கு சரிதானா? அதே பொருளைக் கண்ணாடிக் குடுவையில் தாங்களே செய்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் உருகினால் சரி. இல்லாவிட்டால் பல வருட உழைப்பு வீண்!

நஞ்சறுப்பான் என்ற கொடி அப்படித்தான் வேலை வாங்கியது. ஆஸ்துமாவுக்கு நாட்டு வைத்தியர்கள் கொடுக்கும் கொடி அது. அதில் உள்ள டைலோஃபோரினை 1935லேயே வேறு சிலர் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அமைப்பு பிடிபடவில்லை. 1950களில் கோவிந்தாச்சாரி குழு அதைப் பிடித்தது. 1961ல் குடுவையில் அதைச் செய்தும் காட்டியது.

டைலோஃபோரின் புற்றுநோய் அணுக்களை அடக்குவதாகப் பின்னால் சோதனைகள் காட்டின. ஆனாலும் அது இன்னும் மருந்தாகக் கடைக்கு வரவில்லை. கொடியைப் பறித்து யாரும் தாங்களாகச் சாப்பிட வேண்டாம். குடலைப் புரட்டும்!

பரிசும் பம்பாயும்

1960ல் ரசாயனத்துக்கான பட்நாகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. கல்லூரிக்கு முதல்வராகவும் ஆனார்.

1963ல் பம்பாய் கோரேகானில் சீபா மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அதன் முதல் இயக்குனராக அங்கே போனார். "புது மருந்தை வெளிநாட்டுக்காரன்தான் கண்டுபிடிப்பான்" என்ற பேச்சுக்கு அந்த நிலையம் பதில் சொன்னது. மனச்சோர்வுக்கான நைட்ராக்சசெபின் என்ற மருந்து அங்கே பிறந்ததுதான்.

அங்கேயும் அவர் செடியை விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடி ஒன்றில் இருந்த பொருளின் அமைப்பை அவரும் பார்த்தசாரதியும் 1970களின் தொடக்கத்தில் கண்டார்கள். அப்படி ஒரு அமைப்பை அதற்கு முன் யாரும் பார்த்தது இல்லை.

1991ல் என்ன நடந்தது தெரியுமா? ஆப்பிரிக்காவில் காமரூன் காட்டில் அதே இனத்துக் கொடியில், எய்ட்ஸ் கிருமியைச் சோதனைக் குழாயில் அடக்கும் பொருளை அமெரிக்கர்கள் கண்டார்கள். அதுவும் அதே வகை அமைப்பு! நச்சுத்தன்மையால் அது மருந்தாகவில்லை. ஆனால் அந்த வகையில் ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது.

வேப்பங்கொட்டை

ஓய்வு பெற்றதும் ஈசிசேரில் சாய்ந்துவிட்டாரா? இல்லை. சென்னையில் ஸ்பிக் ஆராய்ச்சி நிலையத்தில் வேப்பங்கொட்டையைக் கையில் எடுத்தார். பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் வகையில் புதிதாக இரண்டைக் கண்டு 1992ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது!

2001ல் மறைந்தார். அவரிடம் படித்தவர்கள் கல்லூரிகளிலும் மருந்துக் கம்பெனிகளிலும் ஆராய்ச்சியை நடத்தினார்கள்.

தெருவோரத்தில் மிதித்துப் போகும் பச்சிலைக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த தடவை கரிசலாங்கண்ணி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றும்போது, அந்தச் சிவப்புக் கட்டிடத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!